ஆன் பிரிக்ஸ்: கேட்கத் தொடங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1973இல் ஆன் பிரிக்ஸ் ஓர் ஆல்பம் முழுவதையும் பாடி முடித்தார். வயிற்றில் குழந்தை. பதிவானதைப் போட்டுக் கேட்டவருக்குத் தன் குரல் பிடிக்கவில்லை. வெளியிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த ஒலிநாடாக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்து, 1990களின் பின்பாதியில்தான் ‘சிங் எ சாங் ஃபார் யூ’ என்ற பெயரில் வெளிவந்தன. பாட்டை விட்டு அவர் விலகியபோது முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

பிரிட்டனில் நாட்டார் பாடல் பாடுகிறவர்களைக் கேட்டால் அவர் பெயரை மரியாதையோடு சொல்வார்கள். அந்த வட்டத்துக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. அவரிடமிருந்து பாட்டை வாங்கிக்கொண்டவர்கள் பெரும்புகழ் அடைந்தார்கள். அவர் பெயர் அடிக்குறிப்பாக நின்றுவிட்டது. இந்தக் குறையை ஒவ்வொருவராகத்தான் தீர்க்க முடியும் என்று நினைக்கிறேன். அவருடைய மொத்தப் பதிவுகளையும் ஒரு விடுமுறை நாளில் கேட்டு முடித்துவிடலாம் என்பது புதியவருக்கு ஒரு வசதி. ஆனால் வரிசை தப்பாகப் போனால் முதல் பாட்டிலேயே மனம் ஒட்டாமல் போய்விடும். எனக்கே அப்படித்தான் ஆனது. அதனால்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: யார் இவர்?

1944 செப்டம்பரில் நாட்டிங்ஹம்ஷயரின் டோட்டன் என்ற ஊரில் பிறந்தவர். சிறுவயதிலேயே அம்மா காசநோயில் இறந்துபோக, அத்தை வீட்டில் வளர்ந்தார். 1959இல், பள்ளி வயதில், தோழி ஒருத்தியுடன் வழியில் போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, எடின்பரோ வரை போனார். அங்கே அவர்கள் தங்கியது ஆர்ச்சி ஃபிஷர் என்ற பாடகரின் வீட்டில். பெர்ட் ஜான்ஷ் என்ற இளைஞரை அந்தப் பயணத்தில்தான் சந்தித்தார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், நான்காம் படியில் தேவைப்படும்.

1960இல் பிரிட்டிஷ் தொழிற்சங்க மாநாட்டில் 42ஆம் தீர்மானம் ஒன்று நிறைவேறியது. கலைகளைத் தொழிலாளர் ஊர்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அதன் சாரம். நாடகாசிரியர் ஆர்னால்ட் வெஸ்கர் தலைமையில் ‘சென்டர் 42’ என்ற அமைப்பு அதிலிருந்து பிறந்தது. 1962இல் அவர்கள் நாட்டிங்ஹமுக்கு வந்தபோது, பார்க்கப் போயிருந்த ஆன், பாடகர் யூவன் மக்காலின் முன்னால் இரண்டு பாட்டுப் பாடிக் காட்டினார். அன்று மாலையே மேடையேற்றிவிட்டார்கள். பதினெட்டு வயது நிறையச் சில வாரங்கள் இருக்கும்போதே வீட்டைவிட்டுக் கிளம்பி அவர்களோடு போனார்.

அங்கே அவருக்குக் கிடைத்த ஆசான் ஏ. எல். லாயிட். பாட்டுகளைத் தேடிச் சேர்த்தவர், பாடியவர், அவற்றைப் பற்றி எழுதியவர். டாபிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் பல தட்டுகளுக்குப் பின்னால் இருந்தவரும் அவரே. தொழிலாளர் இசைச் சங்கத்திலிருந்து 1939இல் உருவான டாபிக், இந்த வகைப் பாட்டுக்கு இன்றும் தாய்வீடு.

முதல் படி: ஒரே ஒரு பாட்டு

‘தி ரெக்ரூட்டட் காலியர்’ என்ற பாட்டிலிருந்து தொடங்குங்கள். 1963இல் டாபிக் வெளியிட்ட ‘தி அயர்ன் மியூஸ்’ என்ற தொகுப்பில் இருக்கிறது. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் பிறந்த பாட்டுகளின் தொகுப்பு அது.

பக்கவாத்தியம் எதுவும் இல்லை. தாளம் கிடையாது, கூடப் பாட யாருமில்லை. முதல்முறை இதை நான் கேட்டது ஓடும் பேருந்தில். ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் மெல்லிய குரலில் ஏதோ முணுமுணுப்பதுபோல் இருந்தது, நிறுத்திவிட்டேன். பல மாதம் கழித்து, ஓர் இரவு மின்சாரம் போய் மின்விசிறி நின்ற அறையில், போனில் மீதமிருந்த சார்ஜில் அதே பாட்டைத் திரும்பப் போட்டேன். அப்போதுதான் அவர் மூச்சு எடுப்பது கேட்டது. வரி முடிந்த இடத்தில்தான் மூச்சு வரும் என்று காது எதிர்பார்க்கும். அவரோ பொருள் எங்கே கனக்கிறதோ அங்கே நிற்பார். வரியின் நடுவே ஒரு சொல் தனித்து விழும், அடுத்த சொல் வருவதற்குள் நம் மூச்சும் நின்றிருக்கும்.

எனவே மின்விசிறியை நிறுத்துங்கள், அல்லது நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். வேறு வேலை செய்தபடி கேட்க வேண்டாம். விருத்தம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தத் தாளமில்லாத ஓட்டம் சிரமமாக இருக்காது. ஆனால் விருத்தத்தில்போல ராக விரிவை எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். இங்கே மெட்டு ஒன்றுதான். அதே நான்கு வரி மெட்டு ஒவ்வொரு கண்ணிக்கும் திரும்ப வரும். மாறுவது சின்ன அசைவுகள் மட்டும்: ஒரு சுரத்தைத் தொடும் முன் சட்டென்று ஒரு சுழிப்பு, ஓர் உயிரெழுத்தின் மேல் ஒரு நடுக்கம். குரலை அவர் உயர்த்துவதே இல்லை. அழவும் மாட்டார். துக்கத்தை நடித்துக் காட்டாமல் செய்தி சொல்வதுபோல் பாடுவார், துக்கம் நம்மிடம் வந்து சேர்ந்துவிடும்.

மூன்று தடவை கேளுங்கள். நடுவில் ஒருநாள் இடைவெளி விட்டால் இன்னும் நல்லது.

இரண்டாம் படி: கதையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பாட்டுகள் பழைய வட்டார ஆங்கிலத்தில் இருப்பவை. நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களும் முதல் கேட்பில் பாதியைத் தவறவிடுவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கதையைத் தெரிந்துகொண்டு வந்து கேட்டால் சொற்கள் தாமாகத் தெளியும்.

‘ரெக்ரூட்டட் காலியர்’ கதை இதுதான். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்யும் ஜிம்மி, சம்பள நாளில் ஊருக்குள் போகிறான். படைக்கு ஆள்பிடிக்க வந்தவர்கள் அவனுக்குக் குடிக்கக் கொடுத்து, மயக்கத்தில் இருந்தவனைப் பட்டாளத்தில் சேர்த்துக் கொண்டுபோகிறார்கள். பாடுவது அவனுடைய காதலி. வயல்வெளியில் நடக்கும்போது கால்களுக்குக் கீழே அவன் கரி வெட்டிக்கொண்டிருப்பதாக ஒரு கணம் நினைக்கிறாள். வீட்டில் அடுப்பு மூட்டக் கரித்துண்டைக் கையில் எடுத்தால், இது அவன் கை பட்ட கரியாயிற்றே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அந்தக் கரித்துண்டுக்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. கம்பர்லாந்துக் கவிஞர் ராபர்ட் ஆண்டர்சனின் பழைய கவிதை ஒன்றுதான் இந்தப் பாட்டின் வேர் என்று ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள். அதில் காதலன் உழவன். அவனைச் சுரங்கத் தொழிலாளியாக மாற்றியது பெரும்பாலும் லாயிடின் கைவேலை என்பது அவர்களின் கணிப்பு. சிலர் இதை மோசடி என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. உழவன் சுரங்கத்துக்குள் இறங்கிய பிறகுதான் அந்தக் கரித்துண்டு பாட்டுக்குள் வந்திருக்க முடியும்.

மேலும் தோண்ட விரும்பினால் இரண்டு எண்கள் உதவும். 305 பழங்கதைப் பாடல்களை வரிசைப்படுத்திய அமெரிக்கப் பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டின் பெயரால் ‘சைல்ட் எண்’. ஆங்கில நாட்டார் பாடல்கள் அனைத்துக்குமாக ஸ்டீவ் ரவுட் உருவாக்கிய ‘ரவுட் எண்’. லண்டன் செசில் ஷார்ப் இல்லத்திலுள்ள வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் இணையதளத்தில் ரவுட் எண்ணைப் போட்டுத் தேடினால், ஒரே பாட்டு எந்தெந்த ஊரில் யார் யார் வாயில் இருந்தது என்று வரிசையாக வரும்.

மூன்றாம் படி: 1971 தட்டு, முழுவதுமாக

இப்போது ‘ஆன் பிரிக்ஸ்’ என்றே பெயரிட்ட டாபிக் தட்டுக்கு வாருங்கள். லாயிடின் மேற்பார்வையில் பதிவாகி, 1971இல் வெளிவந்தது. பத்துப் பாட்டுகள். உள்ளதிலேயே சிறந்தது இதுதான் என்பது என் முடிவு. கலைத்துப் போட்டுக் கேட்காதீர்கள், தட்டின் வரிசையிலேயே கேளுங்கள்.

‘வில்லி ஓ’வின்ஸ்பரி’யில் கொஞ்சம் தங்கலாம். ஸ்பெயினில் சிறையிருந்து திரும்பும் அரசன், தன் மகள் கருவுற்றிருப்பதைக் கண்டுபிடிக்கிறான். காரணமானவனைத் தூக்கிலிடக் கொண்டுவரச் சொல்கிறான். வில்லி வந்து நிற்கிறான். அவன் அழகைப் பார்த்த அரசன், மகள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று மனம் மாறிப் பெண்ணையும் நிலத்தையும் தர முன்வருகிறான். பெண் போதும், நிலம் வேண்டாம் என்கிறான் வில்லி. இந்தப் பாட்டில் ஜானி மொய்னிஹான் புசூக்கி வாசிக்கிறார். கிரேக்கத்து நரம்பு வாத்தியமான புசூக்கியை அயர்லாந்து இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அவர். 1960களின் பின்பாதியில் ஆன் அவரோடுதான் அயர்லாந்தைக் கோடைதோறும் சுற்றினார்.

இந்த மெட்டு வந்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. மொய்னிஹானின் ‘ஸ்வீனிஸ் மென்’ குழுவிலிருந்த ஆண்டி இர்வின், சைல்டின் தொகுப்பில் 100ஆம் பாட்டுக்கு மெட்டுத் தேடப்போய், எண் குழம்பி வேறொரு பாட்டின் மெட்டை எடுத்துவிட்டார். அந்தத் தவறான மெட்டுதான் இன்று எல்லோரும் பாடுவது. ரிச்சர்ட் தாம்சன் அதே மெட்டுக்குப் புதிய சொற்கள் எழுத, 1969இல் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் ‘ஃபேர்வெல், ஃபேர்வெல்’ ஆனது.

‘தார்னிமூர் வுட்ஸ்’ அவருடைய சொந்த மாவட்டத்துப் பாட்டு. பண்ணையாரின் காட்டில் திருட்டு வேட்டைக்குப் போகிறவர்களைப் பற்றியது. ‘தி ஸ்னோ இட் மெல்ட்ஸ் தி சூனஸ்ட்’ வடகிழக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. பத்தாண்டு கழித்து 1981இல் பாடகர் டிக் காகன் அதைத் தன் ‘ஹேண்ட்ஃபுல் ஆஃப் எர்த்’ தட்டில் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

‘யங் டாம்ப்ளிங்’ வரும்போது தயாராக இருங்கள். பத்து நிமிடத்துக்கும் மேல், வெறுங்குரல் மட்டும். தேவதைகளின் அரசியிடம் சிக்கிய காதலனை ஒரு பெண் மீட்கிறாள். அவள் பிடியில் அவன் பாம்பாகவும் கொடிய விலங்காகவும் உருமாறிக்கொண்டே போக, விடாமல் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். இதே கதையை ஃபேர்போர்ட் கன்வென்ஷன் மின்கிடாரும் டிரம்ஸும் வைத்து ‘டாம் லின்’ என்று அதிரவிட்டது. அது நன்றாகவே இருக்கும். ஆனாலும் அந்தப் பெண் எவ்வளவு தனியாக நிற்கிறாள் என்பது ஆன் பாடும்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் தடவை பொறுமை போனால் தாண்டிவிடுங்கள், ஒரு மாதம் கழித்துத் திரும்பி வாருங்கள்.

கடைசிப் பாட்டு ‘மா பானி லாட்’ மிகச் சிறியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான்காம் படி: ‘பிளாக்வாட்டர் சைட்’ நடந்துவந்த பாதை

அதே தட்டின் முதல் பாட்டு இது. ஒரே இரவின் மறுநாள் காலை. கொடுத்த வாக்கை நினைவூட்டும் பெண்ணைப் பார்த்து அவன் சிரிக்கிறான், அப்பன் வீட்டுத் தோட்டத்துக்குப் போய் அழு என்கிறான். கிடாரை ஆனே வாசிக்கிறார்.

1952இல் பெல்ஃபாஸ்டில் மேரி டோரன் என்ற நாடோடிச் சமூகப் பெண் பாட, பிபிசிக்காக இதன் ஒரு வடிவம் பதிவானது. பாட்டு லாயிட் வழியாக ஆனிடம் வந்தது. ஆன் அதை பெர்ட் ஜான்ஷுக்குக் கற்றுக்கொடுத்தார். ஜான்ஷ் அதற்கு யாரும் அதுவரை கேட்டிராத ஒரு கிடார் பின்னணி அமைத்து 1966இல் ‘ஜாக் ஓரியன்’ தட்டில் வெளியிட்டார். அந்தக் கிடார் வாசிப்பு ஜிம்மி பேஜின் கைக்குப் போய், 1969இல் லெட் செப்பலின் முதல் ஆல்பத்தில் ‘பிளாக் மவுன்டன் சைட்’ என்று வந்தது. விராம் ஜசானியின் தபலா உண்டு, சொற்கள் இல்லை. தட்டின் மேல் பேஜின் பெயர் மட்டும். மேரி டோரனும் இல்லை, ஆனும் இல்லை, ஜான்ஷும் இல்லை.

பின்னோக்கிக் கேளுங்கள்: லெட் செப்பலின், பிறகு ஜான்ஷ், பிறகு ஆன். ஒவ்வொரு படியிலும் ஓர் ஆடை கழன்று, கடைசியில் ஏமாற்றப்பட்ட அந்தப் பெண்ணின் குரல் மட்டும் மிஞ்சும். ராக் இசையிலிருந்து வருபவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: அவரே எழுதியவை

இதுவரை பழம்பாட்டுகள். அவர் சொந்தமாகவும் எழுதினார். 1971 டாபிக் தட்டிலேயே ‘கோ யுவர் வே’ இருக்கிறது. போனவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு. ஜான்ஷ் இதை 1967இலேயே ‘நிக்கோலா’ தட்டில் பாடிவிட்டார்.

அதே 1971இல் சிபிஎஸ் நிறுவனத்துக்காக ‘தி டைம் ஹாஸ் கம்’ செய்தார். பெரும்பாலும் சொந்தப் பாட்டுகள், கிடாரோடு. விற்கவில்லை. கடைகளிலிருந்து மறைந்து, பிறகு சேகரிப்பாளர்கள் தேடி அலையும் தட்டாகி, குறுந்தகடாக மீண்டும் வந்தது. தலைப்புப் பாட்டை பென்டாங்கிள் குழு 1968இலேயே ‘ஸ்வீட் சைல்ட்’ ஆல்பத்தில் பாடியிருந்தது. லால் வாட்டர்சன் எழுதிய ‘ஃபைன் ஹார்ஸ்மன்’ பாட்டையும் இங்கே கேளுங்கள். எழுதியவரின் தட்டு வருவதற்கு முன்பே ஆன் பாடியது.

‘சிங் எ சாங் ஃபார் யூ’வை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். அவர் வேண்டாம் என்ற தட்டு. கேட்கும்போதெல்லாம் எந்தக் குறையைக் கண்டு வெறுத்தாரோ என்று தேடுகிறேன், எனக்கு அகப்படவில்லை.

எங்கே கிடைக்கும்?

ஆரம்ப காலப் பதிவுகளையும் 1971 டாபிக் தட்டையும் ஒன்றாகச் சேர்த்து, 1999இல் டாபிக் ‘எ கலெக்‌ஷன்’ என்ற குறுந்தகடு வெளியிட்டது. 22 பாட்டுகள். முதல் நான்கு படிகளில் சொன்ன அவருடைய பாட்டுகள் அனைத்தும் அதில் அடங்கும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள். ஸ்ட்ரீமிங் தளங்களில் தேடும்போது ஆங்கிலத்தில் அவர் முதல் பெயரின் கடைசி எழுத்து ‘இ’ என்பதைக் கவனியுங்கள். அவர் முகத்தைப் பார்க்க விரும்பினால், 1992இல் ஜான்ஷைப் பற்றி வந்த ‘அகூஸ்டிக் ரூட்ஸ்’ ஆவணப்படத்தில் தோன்றுகிறார்.

ஆறாம் படி: அடுத்தவருக்குக் கொடுப்பது

பிடித்துப்போனால் வாட்ஸாப் குழுவில் இணைப்பைப் போட்டுவிடத் தோன்றும். வேண்டாம். நாற்பது பேர் பார்ப்பார்கள், ஒருவரும் முழுவதாகக் கேட்க மாட்டார்கள். இந்தப் பாட்டுகள் ஒரு வாயிலிருந்து ஒரு காதுக்குப் போய்த்தான் இத்தனை காலம் பிழைத்தன. நாமும் ஓர் ஆளைத் தேர்ந்தெடுப்போம், அவருக்கேற்ற ஒரு பாட்டைத் தேர்ந்தெடுப்போம்.

ராக் ரசிகருக்கு நான்காம் படி. கதைப் பிரியருக்கு ‘வில்லி ஓ’வின்ஸ்பரி’, சுபமாக முடியும் என்பதால் தைரியமாகக் கொடுக்கலாம். வீட்டிலிருந்து தொலைவில் வேலைக்குப் போன ஒருவர் உள்ள குடும்பத்தில் ‘ரெக்ரூட்டட் காலியர்’ என்ன செய்யும் என்பதை என் அக்காவிடம் பார்த்தேன். அத்தான் அப்போது கப்பலில் இருந்தார். பாட்டைப் போடும் முன் கதையைத் தமிழில் இரண்டு நிமிடம் சொன்னேன். கரித்துண்டு வரும் இடத்தில் கையைக் காட்டினேன், அவ்வளவுதான். ஆங்கிலப் பாட்டே கேட்காத அக்கா, “திருப்பிப் போடுடா” என்றாள்.

கதையை முன்னால் சொல்லுங்கள், பாட்டு ஓடும்போது பேசாதீர்கள். இதுவே போதும். ‘எவ்வளவு பெரிய பாடகி தெரியுமா’ என்ற முன்னுரை கேட்பவரைச் சோதனைக்கு உட்காரவைத்துவிடும்.

பாடத் தெரிந்தவருக்கு ‘தி ஹசார்ட்ஸ் ஆஃப் லவ்’ கொடுங்கள். 1960களின் முன்பாதியில் டாபிக் வெளியிட்ட சிறுதட்டு, நான்கு பாட்டுகள், வெறுங்குரல். அந்தத் தட்டு இளம்பெண்ணாக இருந்த ஜூன் டேபருக்குக் கிடைத்தது. இரண்டு வாரம் குளியலறையில் அடைந்துகொண்டு, ஒவ்வொரு சுழிப்பையும் அப்படியே பாடிப் பழகியதாக அவர் சொல்லியிருக்கிறார். பின்னாளில் இங்கிலாந்தின் ஆகச்சிறந்த குரல்களில் ஒன்றானார். அமெரிக்காவில் ‘தி டிசம்பரிஸ்ட்ஸ்’ குழு 2009இல் தன் ஆல்பத்துக்கு அதே தலைப்பை வைத்தது, ஆனுக்குச் செய்த மரியாதையாக.

நீங்களே பாடவும் செய்யலாம். மெட்டு சிறியது, சுருதிப்பெட்டிகூட வேண்டியதில்லை. பழம்பாட்டுகள் பொதுச்சொத்து, யாரும் பாடலாம். அவர் எழுதிய பாட்டுகளும் அவருடைய பதிவுகளும் அப்படியல்ல. அவற்றை வெட்டி ஒட்டிப் பரப்பாமல், வாங்கிக் கொடுங்கள்.

அவரைத் தேட வேண்டாம்

ஆர்வம் முற்றியவர்கள் சிலர், அவர் இப்போது எங்கே இருக்கிறார், ஏன் பாடுவதில்லை என்று துருவத் தொடங்குவார்கள். 1990இல் லாயிடின் நினைவுக் கச்சேரிக்காக ஒருமுறை மேடையேறினார், அதையொட்டிச் சில நிகழ்ச்சிகளில் பாடினார். பிறகு மீண்டும் ஒதுங்கிவிட்டார். அது அவர் எடுத்த முடிவு. பதிவுக்கூடமும் அவருக்குப் பிடித்த இடமாக இருந்ததில்லை. பாடகி சாண்டி டென்னி 1970இல் அவரை மனத்தில் வைத்து ‘தி பாண்ட் அண்ட் தி ஸ்ட்ரீம்’ என்று ஒரு பாட்டே எழுதினார். அதைக் கேளுங்கள், தோழி ஒருத்தியின் கண்ணால் பார்த்ததுபோல் இருக்கும்.

கடைசியாக, ‘மா பானி லாட்’. என் பையனைப் பார்த்தீர்களா என்று ஒருத்தி கேட்கிறாள். பார்த்தேன், கடலில் பார்த்தேன், இனி அவன் பக்கத்தில் உனக்கு இடம் கிடைக்காது என்று பதில் வருகிறது. அவ்வளவுதான் பாட்டு. இரவில் கேளுங்கள். போடும் முன் ஆட்டோபிளேயை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் பாட்டு முடிந்த நொடியில் வேறு ஏதோ ஒன்று ஓடத் தொடங்கிவிடும்.